வால்வ் பெட்டியும் ஆயுத பூஜையும்

1. டிக்கெட் எடுத்து வந்த பெட்டி

"அக்கா, என் பொட்டி ஊமையாயிடுச்சு. தீபாவளிக்குள்ள இது பேசலைன்னா என்னையும் ஊமையாக்கிடுவாங்க."

சேகர் எங்கள் கடை வாசலில் நின்று சொன்ன முதல் வார்த்தை இதுதான். அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். பெட்டிக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, ஜன்னலோர சீட்டில் அதை உட்கார வைத்துவிட்டு இவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறான். கண்டக்டர் கேட்டதற்கு, "அதுக்கு வயசாயிடுச்சுங்க, நிக்க முடியாது" என்றானாம்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் கடை. முன்பக்கம் என் வீட்டுக்காரர் கலியபெருமாளின் மைக்செட் வாடகைக் கடை. தடுப்புக்குப் பின்னால் என் மேஜை, மீட்டர், சால்டரிங் அயர்ன். எங்கள் வீட்டில் எல்லாரும் குன்னத்துப் பக்கம் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் மட்டும் ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் தலையை நீட்டி, "மெக்கானிக் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். "இருக்காங்க, சொல்லுங்க" என்பேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, "எப்ப வருவாரு?" என்பார்கள். அதற்குள் அவர்கள் ரேடியோ என் மேஜையில் கழன்று கிடக்கும். சேகர் அப்படிக் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

தொண்ணூறுகளின் கடைசி அது. சேகர் பகலில் சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் வேலையில் இருந்தான். சாயங்காலமும் லீவு நாளிலும் அரியலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். அவன் கொண்டுவந்தது வெளிநாட்டில் செய்த பழைய வால்வ் ஆம்ப்ளிஃபயர், டிரான்சிஸ்டருக்கு முந்தின காலத்துக் கண்ணாடிக் குழல்களில் ஓடுவது. உள்ளேயே ஒரு பெரிய ஸ்பீக்கரும் சேர்ந்தது. பொன்மலை ரயில்வே காலனியில் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனபோது சாமான்களை விற்றார்கள். இவன் கல்யாணத்துக்குக் கட்டில் வாங்கப் போனவன், கட்டிலை விட்டுவிட்டு இதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். அவன் மனைவி அதை அன்றுவரை மறக்கவில்லை என்று அவனே சொன்னான்.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில்தான் வந்தான். பூஜைக்கு அப்புறம் பெட்டியைப் போட்டால் ஒரே இரைச்சலாம். இரைச்சலுக்குள்ளே கிட்டார் சத்தம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கேட்கிறதாம். குழுவை நடத்துகிற ராஜு மாஸ்டர் சொல்லிவிட்டாராம்:

"தீபாவளி கழிச்சு ஒரு கல்யாணக் கச்சேரி இருக்குல்ல, அதுக்குக் கீபோர்டு வாசிக்க ஒரு பையன் வர்றான். அவன் பொட்டியிலயே கிட்டார் சத்தமும் வருதாம்டா. உன்னுது இப்படியே பொருமிக்கிட்டு கெடந்துச்சுன்னா, நீ சும்மா வந்து பந்தியில சாப்பிட்டுட்டுப் போ."

இதைச் சொல்லும்போது சேகர் சிரிக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. கீபோர்டு வந்த வருஷங்கள் அவை. எத்தனையோ குழுக்களில் வயலின், தபேலா, கிட்டார் வாசித்தவர்கள் ஒவ்வொருவராகப் பந்திக்குத்தான் போனார்கள்.

2. எதில் கை வைக்கக் கூடாது

வால்வ் ஆம்ப்ளிஃபயரைத் திறக்கும்போது இளசுகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கண்டன்சரில் கரன்ட் தேங்கி நிற்கும். வீட்டு லைனை விடப் பொல்லாத வோல்டேஜ். முதலில் ஒரு ரெசிஸ்டர் வைத்து அதை வடிய விட வேண்டும். மீட்டர் வைத்து வடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அப்போதும் கரன்ட் நெஞ்சு வழியாகப் பாய்ந்துவிடாமல் இருக்க, நான் இடது கையை முதுகுக்குப் பின்னால்தான் வைத்துக்கொள்வேன். கலியபெருமாள் பார்த்துவிட்டு, "வாத்தியாரு மாதிரி நிக்கிறியே, பிரம்பு வேணுமா?" என்பார்.

உள்ளே பார்த்ததும் இரைச்சலுக்குக் காரணம் தெரிந்தது. ஃபில்டர் கண்டன்சர் உப்பிப்போய், அடியில் கசிந்திருந்தது. அரியலூர் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசி வேறு வால்வ் பேஸில் மாவு மாதிரி படிந்திருந்தது. பவர் கார்டில் எர்த்தே இல்லை. மேடையில் மைக்கில் வாய் படும்போது சுருக்கென்று அடிக்கும் என்று சேகர் சொன்னான். "அதுக்கு மைக்குல ஒரு கர்ச்சீப்பு சுத்திக்குவோம்க்கா" என்றான். இப்படித்தான் ஆள் செத்துப்போவது.

ராஜு மாஸ்டர் அவனுக்கு ஒரு யோசனை சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளே இருப்பதை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு ஐ.சி. போர்டு ஒன்று வைத்துவிடலாம், திருச்சியில் செய்து தருகிறார்கள் என்று. வைக்கலாம். பல்லு வலிக்கு வந்தவன் தலையை எடுத்துவிட்டு வேறு தலை வைக்கிற வைத்தியம் அது.

நான் செய்தது கொஞ்சம்தான். உப்பின கண்டன்சரை மாற்றினேன். வால்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்த பேஸில் இருந்தது என்று சாக்பீஸால் குறித்துவிட்டு, கால்களையும் பேஸையும் துடைத்து, அதனதன் இடத்தில் திரும்ப வைத்தேன். எர்த் உள்ள மூணு பின் கார்டு போட்டேன். வால்யூம் கன்ட்ரோலை மாற்றாமல் க்ளீனர் அடித்துச் சுத்தம் செய்தேன். மற்ற ரெசிஸ்டர், கண்டன்சர் எல்லாம் பழசுதான். மீட்டரில் சரியாகக் காட்டுகிற எதையும் பழசு என்பதற்காக மாற்றக் கூடாது. பழைய பெட்டியின் டோன் என்பது இந்தக் கிழடுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போய்க் குடும்பம் நடத்துவதுதான். வீட்டைத் திருத்துகிறேன் என்று எல்லாரையும் வெளியே அனுப்பினால் அப்புறம் அது யார் வீடு?

கரன்டும் ஒரு காரணம். சாயங்காலம் ஊரில் விளக்கு எல்லாம் எரியும்போது வோல்டேஜ் அழுதுகொண்டு வரும். லோடு குறைந்ததும் பாய்ந்து வரும். வால்வுக்கு இரண்டுமே ஆகாது. வோல்டேஜை ஏற்றி இறக்குகிற எங்கள் கடை ஸ்டெப்-அப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, மீட்டரைப் பார்த்துப் பார்த்துத் திருகச் சொன்னேன்.

போட்டுப் பார்த்தோம். இரைச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. நான் எழுந்து டீ சொல்லப் போனேன். சேகர் கிட்டாரை மாட்டி நாலு ஸ்வரம் வாசித்தான். முகம் மலரவில்லை.

"இரைச்சல் போயிடுச்சுக்கா. ஆனா டோன் வரலையே."

3. கேசட்

எனக்குக் கோபம் வந்தது. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது, இவன் என்ன குறை சொல்கிறான் என்று. கலைஞர்களுக்கே இந்த வியாதி உண்டு, நாதஸ்வரக்காரருக்கு மைக்செட் கட்டிவிட்டுக் கலியபெருமாள் வாங்காத பேச்சில்லை. அடுத்த வாரம் வரை வால்வை மாற்றிப் போட்டும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. எல்லா வோல்டேஜும் சரி.

"தம்பி, உன் காதுலதான் ஏதோ அடைச்சுக்கிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவன் அடுத்த முறை வரும்போது ஒரு கேசட் கொண்டுவந்தான். போன வருஷம் கீழப்பழுவூர் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரியில் யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்தது. கூட்டத்தின் சத்தம், ஒரு குழந்தை அழுகை, பஞ்சுமிட்டாய் மணி எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த கிட்டார் வந்தது. கணீரென்று, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கரகரப்போடு, தொண்டை கட்டிய நல்ல பாடகன் மாதிரி. நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். அது வரைக்கும் அந்தப் பெட்டியின் பழைய குரலை நான் கேட்டதே இல்லை. கேட்காத குரலை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

"இதுதான்க்கா என் பொட்டி" என்றான் சேகர். கேசட் முடிந்த பிறகும் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இழக்க இருந்தது மேடையை மட்டும் இல்லை, இந்தக் குரலையும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

4. பளபளப்பு

மறுநாள் காலை. பெட்டி மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. வால்வ் சூடேறியதும் பெயின்ட் வாசனை வந்தது.

அந்த வாசனை முதல் நாளிலிருந்தே வந்துகொண்டுதான் இருந்தது. நான் கவனிக்கவில்லை. ஆயுத பூஜை முடிந்த மாதத்தில் எங்கள் ஊரில் பெயின்ட் வாசனை இல்லாத பொருள் எது? பஸ், லாரி, சைக்கிள் கடைப் பம்ப், மாவு மில் எல்லாம் துடைத்து, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமத்தோடு நிற்கும். கலியபெருமாள் தன் ஹார்ன் ஸ்பீக்கர் அத்தனைக்கும் அலுமினியம் பெயின்ட் அடித்து வாசலில் காயப்போட்டிருந்தார். வாசனை அதிலிருந்து வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று ஹார்ன்கள் எல்லாம் ஒரு மாநாட்டுக்குப் போய்விட்டன. கடையில் வாசனை மட்டும் இருந்தது.

பெட்டியின் முன்பக்கத் துணியைக் கழற்றினேன். வாசலுக்குத் தூக்கி வந்து வெயிலில் பார்த்தேன். ஸ்பீக்கரின் பேப்பர் கோன் எருமை முதுகு மாதிரி பளபளவென்று கருப்பாக இருந்தது. விரலால் மெதுவாக அழுத்தினேன். அசைய வேண்டிய பேப்பர் பொரித்த அப்பளம் மாதிரி விறைத்து நின்றது.

பக்கத்துப் பூத்திலிருந்து சேகருக்குப் போன் போட்டேன். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்தான், தலை எல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு.

"இதுக்கு யாருடா பெயின்ட் அடிச்சது?"

"நான்தான்க்கா."

"எதுக்கு?"

"துணி நைஞ்சு போயிருந்துச்சு, மாத்தலாம்னு கழட்டுனேன். உள்ள பேப்பரு வெளிறிப்போயி, பழுப்படிச்சுக் கெடந்துச்சு. சாமிகிட்ட வைக்கிற பொருளாச்சே, அப்படியே வைக்க மனசு வரல. வூட்டு கேட்டுக்கு அடிச்ச கருப்பு பெயின்ட் மிச்சம் இருந்துச்சு. நல்லா கெட்டியா ரெண்டு கோட் அடிச்சேன்."

"இத ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"நீங்க ரிப்பேரு என்னன்னுதானக்கா கேட்டீங்க? இது ரிப்பேரு இல்லையே. பூஜையாச்சே."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ஆனால் முழுதாகத் திட்டி முடிக்கவும் முடியவில்லை. அந்தக் கோன் ஊதினால் நடுங்குகிற அளவுக்கு மெல்லிசாக இருந்தால்தான் அந்தக் குரல் என்று விளக்கிச் சொன்னதும், அவன் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "நானே அது கழுத்த நெரிச்சுட்டேனாக்கா?" என்றான். பிரியத்தில்தான் நெரித்திருக்கிறான். அதற்கு யார் என்ன தண்டனை கொடுப்பது?

5. கொட்டகை ஸ்பீக்கர்

தின்னர் போட்டுப் பெயின்டை எடுத்தால் பேப்பரும் கூடவே வந்துவிடும். கடையில் விற்கிற புதுக் கோன் மைக்செட் பாக்ஸுக்குச் செய்தது, தடியாக இருக்கும். அதை ஒட்டினால் சத்தம் வரும், டோன் வராது. பழைய காலத்து ஸ்பீக்கர் வேண்டும். அதே சைஸ், அதே பதினைந்து ஓம்ஸ். ஓம்ஸ் மாறினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது.

கலியபெருமாள் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுச் சொன்னார்:

"ஏ இந்திராணி, லப்பைக்குடிக்காட்டு ஜாபர் பாயோட வாப்பா டூரிங் டாக்கீஸ் வச்சிருந்தாருல்ல? அந்தச் சாமானெல்லாம் மாடிப்படிக்குக் கீழதான் கெடக்கு. போன வருஷம் அவுக வூட்டு நிக்காஹ்வுக்கு லைட்டு போடப் போனப்ப பாத்தேன்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் சொன்ன மிக உருப்படியான வார்த்தை அது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

நானும் சேகரும் போனோம். ஜாபர் பாய் ரொம்ப வருஷம் துபாயில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பிள்ளைகளும் இப்போது அங்கேதான். டீ கொடுத்தார். ஸ்பீக்கர் என்றதும் முகம் இறுகிவிட்டது.

"காந்தத்துக்குன்னு கேட்டு நாலு பேரு வந்துட்டுப் போயிட்டாங்கம்மா. எடைக்குப் போடுறதுக்கில்ல அது. வாப்பா வச்சுட்டுப் போனது."

நான் சுற்றி வளைக்கவில்லை. பெயின்ட் அடித்த கதையை அப்படியே சொன்னேன். பாய் முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். அப்புறம் தாங்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் பாயின் சிரிப்பு அடங்கியது.

"தம்பி, எங்க வாப்பாவும் ஒரு தடவ ப்ரொஜக்டரு லென்ஸ சாம்பல் போட்டு வெளக்குனவருதான். மூணு மாசம் ஊரே மங்கலாப் படம் பாத்துச்சு" என்றார். எழுந்து போய் மாடிப்படிக்குக் கீழே இருந்து அவரே சாக்குப்பையோடு தூக்கி வந்தார்.

"சும்மா கெடக்குறதுக்கு, பேசுனா நல்லதுதானே. கொண்டு போங்க. ஆனா ஒரு தடவயாவது என் காதுல அது விழணும். அப்புறம் தம்பி, தொடைக்காத. அப்படியே மாட்டு."

பழுப்பு நிறப் பேப்பர் கோன். ஓரத்தில் சின்னதாக ஒரு கிழிசல். டிஷ்யூ பேப்பரும் நீர்த்த பசையும் வைத்து ஒட்டினேன். தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டியதோடு சரி. போல்ட் துவாரம் பொருந்தவில்லை. ஸ்பீக்கரில் கை வைக்காமல் பெட்டியின் பலகையில் புதுத் துவாரம் போட்டேன். மீட்டர் வைத்தேன், ஓம்ஸ் சரி.

சேகர் கிட்டாரை மாட்டினான். விரலை வைத்துவிட்டு வாசிக்கவே மாட்டேன் என்கிறான். "வாசிடா, கரன்ட் போயிடப் போவுது" என்று கலியபெருமாள் அதட்டினார்.

வாசித்தான். அதே கணீர். ஓரத்தில் கரகரப்பு. ஆனால் அடியில் கொஞ்சம் கனம் கூடியிருந்தது. சேகர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"இது என் பொட்டி இல்லக்கா" என்றான். நான் மறுபடி ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

"என் பொட்டியோட அண்ணன் பேசுற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு விடாமல் வாசித்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும் வரை வாசித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சால்டரிங் புகை என்று சொல்லிக்கொண்டேன்.

6. கல்யாணக் கச்சேரி

அரியலூரில் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு நாங்கள் மைக்செட்டோடு போனோம். ஜாபர் பாயும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கீபோர்டுப் பையன் கெட்டிக்காரன், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கிட்டார் இடம் வரும்போது ராஜு மாஸ்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் கீபோர்டுக்குத் தலையசைத்தார். அடுத்த பாட்டில் சேகருக்கு.

சேகர் எடுத்ததும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த சிலர் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கீபோர்டுப் பையனே திரும்பி அந்தப் பெட்டியைப் பார்த்தான். பாட்டு முடிந்ததும் மாஸ்டர் மைக்கை மூடிக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. "சரி சரி, ரெண்டும் இருக்கட்டும். நீ பந்திக்குக் கடைசியா போ."

பாயிடம் போனேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க கொட்டாய் சத்தம்மா இது. மண்ணுல உக்காந்து கேட்டது. வாப்பா டிக்கெட்டு கிழிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

7. இப்போது கேட்கிற கேள்வி

டோன் கெடாமல் காப்பாற்றினேன் என்று நான் பீற்றிக்கொள்ள முடியாது. கொஞ்சம் மாறித்தான் போனது. அதற்கப்புறம் அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, மறுபடியும் பிரிந்தது. சர்க்காரே இரண்டு தடவை கழற்றி, ஒரு தடவை மாட்டிவிட்டது. அந்தப் பெட்டியை அந்த ரிப்பேருக்கு அப்புறம் நான் திறக்கவே இல்லை.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பழைய பொருளைக் கொண்டுவருகிறவரிடம் என்ன ரிப்பேர் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். "கடைசியா இதுக்கு என்ன நல்லது பண்ணீங்க?" என்று கேளுங்கள். முதலில் முறைப்பார்கள். அப்புறம் மெதுவாக வரும். டேப் ரெக்கார்டருக்குத் தேங்காய் எண்ணெய் விட்டது, டிவிக்குள் ஈரத்துணி போட்டுத் துடைத்தது, ரேடியோவை வெயிலில் காயவைத்தது. எதிரி கெடுத்ததைவிட ஆசைப்பட்டவர்கள் கெடுத்ததைத்தான் என் மேஜை அதிகம் பார்த்திருக்கிறது.

சேகர் அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் மறுபடி வந்தான். பெட்டிக்கு டிக்கெட், ஜன்னலோர சீட்டு, எல்லாம் அதே மாதிரி. மேஜையில் வைத்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன்.

"கடைசியா இதுக்கு என்னடா நல்லது பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா" என்றான் சேகர். "வூட்டுல பெயின்ட் டப்பா தொறந்தாச்சு. பூஜை முடியற வரைக்கும் இது இங்கயே இருக்கட்டும். எனக்குக் கை சும்மா இருக்காது."

கைப்பிடியில் மட்டும் சந்தனப் பொட்டு வைத்து, என் மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தப் பெட்டி எங்கள் கடையில்தான் இருந்தது.